கோட்டை வாசல் கல்லும் கட்டுரைத் தாளும்: வாசகர் கேள்வி – பதில்

ஆவணங்களைத் தந்து அவற்றை வைத்துக் கட்டுரை எழுதச் சொல்லும் வரலாற்று வினாக்கள் பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் சில இங்கே. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம். உதாரணங்களையும் கூடியவரை திருகோணமலையிலிருந்தே தந்திருக்கிறோம்.

கேள்வி: பாடம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆறு ஆவணங்களைத் தந்து கட்டுரை எழுதச் சொன்னால், ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று எழுதி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. புள்ளியும் பாதிக்கு மேல் வருவதில்லை. எங்கே பிழைக்கிறது?
– உயர்தர மாணவி, உப்புவெளி

பதில்: பிழைப்பது தொடக்கத்தில். வினாவை ஒருதடவை பார்த்துவிட்டு நேரே முதலாவது ஆவணத்துக்குப் போய்விடுகிறீர்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் வாசித்தால் எல்லா வரியும் முக்கியமாகத்தான் படும், எல்லாவற்றையும் தாளில் கொட்டத் தோன்றும். திருத்துபவரின் மேசையிலும் அதே ஆறு ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றில் என்ன இருக்கிறது என்று அவருக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை. அவற்றை வைத்து நீங்கள் எந்த முடிவுக்கு வருகிறீர்கள் என்பதற்குத்தான் புள்ளி.

ஒரு மணித்தியால வினா என்றால் நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: வினாவுக்கு 3 நிமிடம், ஆவணங்களுக்கு 12, திட்டத்துக்கு 5, எழுத 35, திரும்பப் பார்க்க 5. அந்த முதல் 3 நிமிடம் ஆவணங்களைப் பார்க்கவே கூடாது. வினாவில் செய்யச் சொன்ன வேலையை (மதிப்பிடுக, ஒப்பிடுக, விளக்குக), கால எல்லையை, யாரைப் பற்றியது என்பதைக் கீறிக்கொண்டு, அந்தக் காலத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த மூன்று நான்கு செய்திகளைத் தாளின் ஓரத்தில் ஒற்றைச் சொற்களாகப் போடுங்கள். ஆவணங்களுக்கு வெளியேயிருந்து கொண்டுவர வேண்டிய தகவல் அதுதான். ஆவணங்களை வாசித்த பிறகு அது மூளைக்கு வராது.

ஒரு பயிற்சி வினாவை எடுப்போம்: “18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் திருகோணமலைக்குப் போட்டியிட்டதற்குத் துறைமுகம் ஒன்றே காரணம் என்ற கூற்றை மதிப்பிடுக.” ஓரத்தில் வரவேண்டியவை: 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்தது, அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பிடித்தது, செப்டெம்பர் 3இல் சுஃப்ரனுக்கும் பிரித்தானியக் கடற்படைத் தளபதி ஹியூசுக்கும் நடந்த கடற்போர், வடகீழ்ப் பருவக்காற்று. கடைசிச் சொல்தான் உயிர். சோழமண்டலக் கரையில் அந்தக் காற்றுக்கு ஒதுங்கத் துறை இல்லாததால் பிரித்தானியக் கப்பற்படை ஒவ்வோர் ஆண்டும் பம்பாய்வரை போகவேண்டியிருந்தது. திருகோணமலை கையில் இருந்தால் போகத் தேவையில்லை. இது தெரிந்தால் மற்ற மூன்று செய்திகளும் தாமாகவே ஒழுங்காகும்.

பிறகு ஆவணங்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம். யார், எப்போது, யாருக்கு, எதற்கு என்ற நான்கையும் பென்சிலால் ஐந்தாறு சொற்களில் குறித்து, பக்கத்தில் வினாவிலுள்ள கூற்றுக்குச் சாதகமென்றால் கூட்டல் அடையாளம், பாதகமென்றால் கழித்தல், இரண்டும் கலந்திருந்தால் இரண்டையும் போடுங்கள். அடையாளங்களைப் பார்த்தாலே இரண்டு மூன்று கூட்டம் பிரிந்துவிடும். ஒரு கூட்டத்துக்கு ஒரு பந்தி. ஓர் ஆவணத்துக்கு ஒரு பந்தி எழுதவே கூடாது. எழுதினால் பழைய சுருக்கம்தான் திரும்பி வரும்.

வாக்கிய அளவில் வித்தியாசம் எப்படி இருக்கும்? ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் தூதராகக் கண்டிக்குப் போன ஹியூ போய்டின் குறிப்பு மூன்றாவது ஆவணமாகத் தரப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “ஆவணம் 3இல் போய்ட் தான் கண்டிக்குச் சென்றதைப் பற்றிக் கூறுகிறார்” என்ற வாக்கியத்துக்கு ஒன்றும் கிடைக்காது. “திருகோணமலையைப் பிடித்த அடுத்த மாதமே போய்ட் கண்டிக்கு அனுப்பப்பட்டதால், துறைமுகம் மட்டும் போதாது என்பது கம்பனிக்குத் தெரிந்திருந்தது (ஆவணம் 3). தூது வெற்றிபெற வேண்டும் என்று விரும்பியவரே அரசவையின் தயக்கத்தையும் எழுதியிருப்பதால், அந்தப் பகுதியைக் கூடுதலாக நம்பலாம்.” இதில் தகவல், வாதம், ஆவணத்தின் நம்பகத்தன்மை மூன்றும் இருக்கின்றன.

முன்னுரையில் நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்தில் வையுங்கள். மேலே சொன்ன வினாவுக்கு: “துறைமுகமே முதற் காரணம், ஆனால் பிடித்த துறைமுகத்தை வைத்திருக்க உணவும் உள்நாட்டு ஆதரவும் வேண்டியிருந்ததால் கண்டியுடனான உறவும் கூடவே வந்தது.” இதற்கு வலுச்சேர்க்க இன்னொரு செய்தி உண்டு. துறைமுகம் கையில் இருந்தும் அந்த ஆண்டின் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தைச் சுஃப்ரன் திருகோணமலையில் கழிக்கவில்லை; சுமாத்திராவின் அச்சேக்குப் போனார். ஏன் என்று கேட்டு இரண்டு வரி எழுதும் மாணவருக்கும், “துறைமுகம் மிக முக்கியம்” என்று மூன்று தடவை எழுதும் மாணவருக்கும் ஒரே புள்ளி வராது.

கேள்வி: கோட்டை வாசலில் இருக்கும் கல்வெட்டை வைத்து “குளக்கோட்டன் கோணேசர் கோயிலைக் கட்டினான்” என்று எழுதினேன். ஆசிரியர் வெட்டிவிட்டார். கல்லிலேயே இருக்கிறதே?
– மாணவர், திருகோணமலை நகர்

பதில்: ஆசிரியர் வெட்டியது சரி. ஆனால் அந்தக் கல்லை விட்டுவிடாதீர்கள். மாவட்டத்தில் இதைவிட நல்ல பயிற்சிப் பொருள் கிடைப்பது கடினம்.

வாசலில் “முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே” என்ற பகுதியை வாசிக்கிறோம். மிகுதி சிதைந்திருக்கிறது. பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று அடுத்தடுத்து ஆளவருபவர்களைச் சொல்லும் முழு வெண்பா மக்கள் வாயில் வழங்குகிறது. அச்சில் வந்த பாடங்களும் பிற்பகுதியில் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. ஆகவே முதல் விதி: கல்லில் இருப்பதைக் கல்லின் சான்றாகவும், வாய்வழி வந்ததை வாய்வழியாகவும் பிரித்தே எழுதவேண்டும். முழுப் பாட்டையும் “கல்வெட்டு கூறுகிறது” என்று போட்டால் அங்கேயே புள்ளி போய்விடும்.

அடுத்தது, பாட்டு முன்கூட்டிச் சொல்வதுபோல அமைந்திருக்கிறது. பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், இலங்கைக்கு வந்தது 1505இல். அவர்கள் கோயிலை இடிப்பார்கள் என்று பல நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் சொன்னார் என்று நம்புவது பக்திக்குரிய விடயம். அதில் நாம் தலையிடவில்லை. வரலாற்றுத் தாளில் அதை அப்படி எடுக்க முடியாது. நடந்ததையோ நடக்கப்போவதாகப் பயந்ததையோ அறிந்தவர்களின் குரலாகத்தான் எடுக்கலாம்.

மூன்றாவது, கல் இருக்கும் இடம். கோயிலை இடித்த கற்களைப் போர்த்துக்கேயர் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். எனவே இன்று ஒரு கல் நிற்கும் இடம் அது முதலில் நின்ற இடமல்ல. வாசலில் இருக்கும் மீன் சின்னத்தைக் காட்டி “பாண்டியர் இந்த வாசலைக் கட்டினர்” என்று எழுதுவோர் தடுக்கி விழுவதும் இங்கேதான். சின்னம் பாண்டியத் தொடர்பைச் சொல்லலாம். வாசலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அப்படியானால் அந்தக் கல்லால் எதை நிறுவலாம்? அதைப் பொறித்த காலத்தில் குளக்கோட்டன் திருப்பணி செய்தான் என்ற நம்பிக்கை நிலைபெற்றிருந்தது. இடிப்பு ஒரு பெரிய முறிவாக நினைக்கப்பட்டது. இந்த இரண்டையும் தாராளமாக எழுதலாம். “குளக்கோட்டன் கட்டினான்” என்பதை “குளக்கோட்டனே கட்டினான் என்ற மரபு இக்கல்லைப் பொறித்தவர்களிடம் இருந்தது” என்று மாற்றுங்கள். ஆசிரியர் வெட்டமாட்டார்.

ஒரு வேண்டுகோள். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்லில் சுண்ணக்கட்டி தேய்க்காதீர்கள். கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் படம் எடுக்கமுன் காவலில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் வெட்டு தெரியும். உச்சி வெயிலில் எடுத்த படம் உதவாது.

கேள்வி: பாடசாலையில் இப்படியான வினாத்தாள்களை நாமே தயாரிக்க விரும்புகிறோம். ஆவணங்களுக்கு எங்கே போவது? எத்தனை, எவ்வளவு நீளம்?
– வரலாற்று ஆசிரியர், மூதூர்

பதில்: ஆறு ஆவணம் போதும். ஒவ்வொன்றும் 60 முதல் 120 சொல். அதைவிட நீண்டால் வாசிப்புப் பரீட்சையாகிவிடும். 40க்குக் குறைந்தால் எழுதியவரின் நோக்கத்தைப் பிடிக்க இடமிருக்காது. ஆறில் ஒன்று படமாகவோ வரைபடமாகவோ இருக்கட்டும். குறைந்தது இரண்டு ஒன்றோடொன்று மோதவேண்டும். ஒன்று வினாவுக்கு நேரடியாகப் பதில் சொல்லாததாக இருக்கவேண்டும். எல்லாமே ஒரே பக்கம் பேசும் தாளில் மாணவர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஒவ்வோர் ஆவணத்தின் மேலும் எழுதியவர், அவர் யார், எழுதிய ஆண்டு, யாருக்கு எழுதியது, என்ன வகை என்ற வரி கட்டாயம். ஆசிரியர்கள் தயாரிக்கும் தாள்களில் அடிக்கடி விடுபடுவது இந்த வரிதான். அது இல்லாமல் “நம்பகத்தன்மையை மதிப்பிடுக” என்று கேட்பது அநியாயம். எழுதிய ஆண்டும் அச்சான ஆண்டும் வேறென்றால் இரண்டையும் போடுங்கள். வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள். பழைய எழுத்துநடையைத் திருத்தாதீர்கள்; கடினமான சொல்லுக்கு அடியில் பொருள் தாருங்கள்.

மூதூரில் இருந்துகொண்டு நீங்கள் வேறெங்கும் போகத் தேவையில்லை. கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் அச்சானது. பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்ததால் குட்டன்பேர்க் இணையத்தளத்தில் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் நூல்களுக்கும் பழைய பத்திரிகைகளுக்கும் நூலகம் இணையத்தளம் இருக்கிறது. ஒல்லாந்தர் கால நிர்வாகப் பதிவுகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. ஆனால் பாடசாலைத் தாளுக்கு அச்சில் வந்த பகுதிகளே போதும்.

கோயிலைப் பற்றி ஒரு தொகுப்பு செய்யலாம்: சம்பந்தர் தேவாரத்தில் கோணமாமலைப் பதிகம், சக ஆண்டு 1145, அதாவது கி.பி. 1223 என்று குறிக்கும் சோடகங்கனின் சமஸ்கிருதக் கல்வெட்டு, கோட்டை வாசல் கல், குவெய்றோஸ் பாதிரியாரின் போர்த்துக்கேய நூல், கோணேசர் கல்வெட்டு. கடைசியாகச் சொன்னது பெயரில் கல்வெட்டு என்றிருந்தாலும் ஏட்டில் வந்த இலக்கியம். அதை மாணவர் கவனிக்கிறார்களா என்று பார்ப்பதற்காகவே சேர்க்கலாம். ஆறாவதாக, பெரியகுளத்துக்கு அருகே வெல்கம் விகாரையிலுள்ள சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு. அந்தப் பௌத்த விகாரையை அது இராசராசப் பெரும்பள்ளி என்கிறது. நந்தா விளக்குக்கு (அணையாமல் எரியும் விளக்கு) கால்நடை கொடுத்ததைச் சொல்கிறது. சோழர் என்றால் சைவம், விகாரை என்றால் சிங்களம் என்று இரண்டு கட்டமாகப் பிரித்துவைத்திருக்கும் மாணவரின் திட்டம் அந்த ஓர் ஆவணத்தில் குலைந்துபோகும். குலையவேண்டும்.

மூத்த மாணவர்களுக்கு 20ஆம் நூற்றாண்டுத் துறைமுகம் நல்ல பொருள். 1947 நவம்பரில் பிரித்தானியாவுடன் செய்த பாதுகாப்பு உடன்படிக்கை, 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் வந்தபோதைய உரைகள், 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்கள். இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் திருகோணமலையை விடுவதில்லை என்பதும், எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டு முயற்சியாகப் புனரமைப்பதும் அந்தக் கடிதங்களிலேயே வருகின்றன. 1987 ஒப்பந்தத்தை மட்டும் தந்து கடிதங்களை விட்டால் வினா அரைகுறையாகிவிடும்.

கேள்வி: ஒவ்வோர் ஆவணத்துக்கும் “இது பக்கச்சார்பானது” என்று எழுதுகிறேன். ஒரு புள்ளிகூடத் தருவதில்லை. நண்பர்களுக்கும் இதே கதைதான்.
– மாணவர், கிண்ணியா

பதில்: பக்கச்சார்பு இல்லாத ஆவணம் எங்கே இருக்கிறது? எல்லாவற்றுக்கும் பொருந்தும் வசனம் எதையும் விளக்குவதில்லை. எந்தப் பக்கம் சாய்கிறது, ஏன் சாய்கிறது, அந்தச் சாய்வால் எந்தத் தகவல் கெடுகிறது, எது கெடாமல் நிற்கிறது என்று நான்கையும் தொட்டால்தான் புள்ளி.

நொக்ஸை எடுங்கள். கப்பற் தலைவனின் மகன். புயலில் சேதமான கப்பலைச் சரிசெய்ய வந்த இடத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர். தந்தை 1661இல் சிறையிருப்பிலேயே இறந்தார். 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அந்த அரசனான இரண்டாம் இராஜசிங்கனைப் பற்றி இவர் எழுதுவதில் கசப்பு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் ஏறக்குறைய 19 ஆண்டுகள் ஊர்களில் வாழ்ந்து, பயிரிட்டு, வியாபாரம் செய்து பிழைத்தவர். நெல் விதைப்பு, வீடு, உணவு பற்றிப் பொய் சொல்ல அவருக்குத் தேவையில்லை. அரசனைப் பற்றிய வரியையும் அறுவடையைப் பற்றிய வரியையும் ஒரே அளவில் நம்பவும் கூடாது, ஒரே அளவில் தள்ளவும் கூடாது.

குவெய்றோஸ் வேறு வகை. 1687இல் கோவாவில் எழுதி முடித்தவர். இலங்கைக்கு வந்ததே இல்லை. கோணேசர் கோயிலை அவர் வர்ணிப்பது மற்றவர்களின் அறிக்கைகளை வைத்துத்தான். இது பலவீனம். அதேவேளை, இடித்த தரப்பைச் சேர்ந்த ஒரு பாதிரியார் அந்தக் கோயிலின் பெருமையைக் குறைத்துச் சொல்லாமல் பெரிதாகவே சொல்கிறார். தமக்குச் சாதகமில்லாததைச் சொன்னாரா, அல்லது வென்றது பெரிது என்று காட்டச் சொன்னாரா? இந்த இரண்டாவது கேள்வியையும் எழுதுகிற மாணவர் தாளில் தனித்துத் தெரிவார்.

சம்பந்தர் பதிகத்தில் “குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை” என்று வருகிறது. இதை வைத்து 7ஆம் நூற்றாண்டில் திருகோணமலையில் முத்துக்குளிப்பு நடந்தது என்று எழுதுவோர் உண்டு. கடலை முத்தோடு பாடுவது புலவர் மரபு. அதுவும் அவர் இராமேசுவரத்தில் நின்று பாடினார் என்பதே வழிவழி வந்த செய்தி. அந்தக் காலத்தில் இங்கே பாடல்பெறும் அளவுக்குப் புகழ்பெற்ற சிவத்தலம் இருந்தது என்பதற்கு அது உறுதியான சான்று. அதற்குமேல் இழுத்தால் அறும்.

பக்கச்சார்பு என்ற சொல்லை ஒரு மாதத்துக்குத் தடைசெய்துகொண்டு எழுதிப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் எழுதும் ஏ.பி. பரீட்சையின், இணையத்தில் கிடைக்கும் வரலாற்று வினாத்தாள்களைச் செய்து பழகுகிறாள். இலங்கைப் பரீட்சைக்கு அது பயன்படுமா?
– பெற்றோர், நிலாவெளி

பதில்: பழக்கத்துக்குப் பயன்படும், அளவுகோலாகப் பயன்படாது. அந்தப் பரீட்சையின் ஆவண வினாவில் ஏழு ஆவணங்கள். ஒரு மணித்தியாலம், அதில் 15 நிமிடம் வாசிக்க. மொத்தம் 7 புள்ளி. நிலைப்பாட்டுக்கு 1, பின்புலத்துக்கு 1, சான்றுகளுக்கு 3, பகுப்பாய்வுக்கு 2. புள்ளித்திட்டமும் மாணவர் எழுதிய மாதிரி விடைகளும் வெளிப்படையாகக் கிடைப்பதுதான் பெரிய நன்மை. நல்ல விடையும் கெட்ட விடையும் ஏன் அப்படி ஆயின என்று பார்த்துப் படிக்கலாம். ஆனால் அங்கே ஒரு பந்தியில் வாதம் நின்றால் போதும் என்ற இடத்தில், இங்கே பாட உள்ளடக்கத்தை விரிவாக எதிர்பார்ப்பார்கள். ஆகவே மாதம் ஒன்று போதும். மற்ற நேரத்துக்கு மகளின் பரீட்சை ஆண்டுக்குரிய பாடத்திட்டமும் கடந்தகால வினாத்தாள்களும்தான்.

கேள்வி: கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது 1622 என்று ஒரு நூலிலும் 1624 என்று இன்னொன்றிலும் இருக்கிறது. பரீட்சையில் இரண்டு ஆவணங்கள் இப்படி முரண்பட்டால் எதை எடுப்பது?
– மாணவி, தம்பலகாமம்

பதில்: முரண்பாடு உங்கள் வாதத்தைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். போர்த்துக்கேயர் ஏன் இடித்தார்கள் என்பதே வினா என்றால் இரண்டு ஆண்டு வித்தியாசத்தால் ஒன்றும் ஆகாது. “1622–1624 காலப்பகுதியில், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவினால்” என்று எழுதிவிட்டு நகருங்கள். அதற்கு ஒரு பந்தி செலவழிப்பவர்களுக்கு முடிவுரை எழுத நேரமிருக்காது. ஆனால் கோட்டை கட்டுவதற்காகக் கோயிலை இடித்தார்களா, இடித்த பிறகு கல் கிடைத்ததால் கோட்டைக்கு எடுத்தார்களா என்று கேட்டால், ஆண்டுதான் விடை. அங்கே நின்று ஆராயவேண்டும்.

முரண்பாடே பொக்கிஷமாகும் இடமும் உண்டு. 1638 மே மாதம் மட்டக்களப்பில் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் செய்த உடன்படிக்கையை எடுங்கள். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை இருப்பது பற்றிய மூன்றாவது வாசகத்தில், மன்னர் விரும்பினால் என்ற நிபந்தனை ஒரு பிரதியில் இருக்கிறது. ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. அடுத்த ஆண்டு திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தபோது இது வெறும் எழுத்துப் பிரச்சினையாக இருக்கவில்லை. “இரண்டு பிரதிகளும் முரண்படுவதால் இந்த ஆவணத்தை நம்பமுடியாது” என்று எழுதினால் நல்ல சான்றைக் கையால் தள்ளிவிடுகிறீர்கள். இரு தரப்பும் வேறுவேறு எதிர்பார்ப்போடு கையெழுத்திட்டதற்கு அந்த முரண்பாடுதான் சான்று. எந்தப் பிரதியில் எந்தச் சொல் விடுபட்டது, அதனால் யாருக்கு இலாபம் என்று கேளுங்கள். பந்தி தானாக வரும்.

கேள்வி: எங்கள் வீட்டில் வயதானவர்கள் 1942 குண்டுவீச்சைப் பற்றிச் சொல்வதை எழுதிவைத்திருக்கிறோம். அதை முதனிலைச் சான்று என்று சொல்லலாமா?
– வாசகர், சீனக்குடா

பதில்: கண்டவர் தாமே சொன்னதென்றால் முதனிலைச் சான்றுதான். கேட்டவர் சொன்னது என்றால் அப்படியே குறித்துவையுங்கள். பதிவின் தலைப்பில் சொன்னவரின் அப்போதைய வயது, நின்ற இடம், பதிவுசெய்த தேதி மூன்றும் வேண்டும். நான்கு வயதில் பாலையூற்றில் பதுங்குகுழிக்குள் இருந்தவருக்கும், பதினெட்டு வயதில் துறைமுகத்தில் வேலைசெய்தவருக்கும் தெரிந்தது ஒன்றல்ல.

ஏப்ரல் 5இல் கொழும்பு, 9இல் திருகோணமலை. அதே 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. பல ஆண்டு கழித்துச் சொல்லும்போது இவை ஒன்றோடொன்று கலந்துவிடும். கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கியதாகச் சொல்பவரைப் பொய்யர் என்று தள்ளாதீர்கள். எது கண்டது, எது பிறகு கேட்டது என்று மெதுவாகப் பிரியுங்கள். யப்பானிய விமானம் எண்ணெய்த் தாங்கியில் மோதிய கதையையும் அப்படித்தான் கேட்கவேண்டும்: புகையைக் கண்டீர்களா, விமானத்தைக் கண்டீர்களா, மோதியதைக் கண்டீர்களா? மூன்றும் மூன்று கேள்வி.

ஒப்பிட அந்த நாளைய பத்திரிகையை எடுத்தால், போர்க்காலத் தணிக்கையின் கீழ் வந்தது என்று குறிப்பிடுங்கள். வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையில் பிரித்தானிய அறிக்கையும் யப்பானியப் பதிவும் ஒத்துப்போகா. ஒரே விமானத்தை இரண்டு பேர் சுட்டால் இரண்டாக எண்ணப்படுவது அந்தப் போர் முழுவதும் நடந்தது.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை கட்டுரை எழுதிப் பழகவேண்டும்? திருத்த ஆளில்லை.
– தனியார் பரீட்சார்த்தி, கந்தளாய்

பதில்: நேரம் வைத்து முழுக்கட்டுரை ஒன்று. திட்டம் மட்டும் இரண்டு, ஒவ்வொன்றும் 20 நிமிடம். போன வாரக் கட்டுரையில் மிக மோசமான பந்தியை மட்டும் திருப்பி எழுதுவது ஒன்று. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள், முன்னேற்றம் வருவதும் அதில்தான்.

திருத்த ஆளில்லாவிட்டால் எழுதி இரண்டு நாள் கழித்து நீங்களே 20க்குப் போடுங்கள்: நிலைப்பாடு 4, ஆவணங்களை வாதத்துக்குப் பயன்படுத்தியது 6, யார் எதற்கு எழுதினார் என்ற ஆய்வு 4, வெளித்தகவல் 3, ஒழுங்கும் மொழியும் 3. போடமுன் இரண்டு நிறப் பேனையால் கீறுங்கள். ஆவணத்தில் உள்ளதைத் திருப்பிச் சொன்ன வரிகளுக்குச் சிவப்பு, நீங்கள் வாதித்த வரிகளுக்கு நீலம். சிவப்பு பாதிக்கு மேல் இருந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அந்தக் கட்டுரை 10ஐத் தாண்டாது.

எழுதும் வேகத்தையும் ஒருதடவை அளந்துகொள்ளுங்கள். 10 நிமிடம் நிறுத்தாமல் எழுதிச் சொற்களை எண்ணி மூன்றரையால் பெருக்கினால், 35 நிமிடத்தில் உங்கள் கை தாங்கும் அளவு தெரியும். 400 சொல் வருபவர் நான்கு பந்திக்குமேல் திட்டமிடக்கூடாது. முன்னுரைக்கு 60, நடு இரண்டு பந்திக்கும் 140 வீதம், முடிவுரைக்கு 60 போதும்.